கிட்டாருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்குக் கிட்டார் வாங்க வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இதை நான் வியாபார உத்தியாகத் தொடங்கவில்லை. அந்த வீட்டைக் கூட்டுவதும் நான், துடைப்பதும் நான், எவனுடைய சேறும் எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். மெல்பேர்ணில் கிளேட்டனுக்குப் பக்கத்தில் சாதாரணச் செங்கல் வீடு. முன்னறைச் சுவரில் ஐந்தாறு கிட்டார்கள் தொங்கும். நடுவில் உட்கார்ந்து வாசிக்க, கைப்பிடி இல்லாத கதிரை ஒன்று. கைப்பிடி இருந்தால் கிட்டார் போய் இடிக்கும். பின்னால் கராஜில் என் கணவர் அவற்றைச் செய்தார். முன்னால் நான் விற்றேன்.

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் வந்தவர் வாங்குவாரா மாட்டாரா என்பது அவருக்கு முன்னமே எனக்குத் தெரிந்துவிடும். எல்லாரும் வாசிக்கிறவரின் கைவிரலைப் பார்ப்பார்கள். நான் கால்விரலைப் பார்ப்பேன். முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு, விலையைக் குறைக்கலாம் என்று இருக்கிறவர்கள்கூட, மனதுக்குப் பிடித்த வாத்தியம் மடியில் வந்துவிட்டால் கால் பெருவிரலை மடக்குவார்கள். அவர்களுக்கே அது தெரியாது. சப்பாத்தோடு இருந்தால் இதையெல்லாம் கண்டிருப்பேனா? தடித்த காலுறை போட்டவர்களிடம் மட்டும் சில தடவை ஏமாந்திருக்கிறேன்.

பெருவிரல் மடங்காவிட்டால் விற்க மாட்டேன். இது உங்களுடையது இல்லை, அடுத்தது முடிந்ததும் சொல்கிறேன் என்று தேநீரைக் குடிக்க வைத்து அனுப்பிவிடுவேன். "கடையைத் திறந்து வைச்சுக்கொண்டு வந்தவனைக் கலைக்கிற ஆள் உலகத்திலேயே நீர் ஒருத்திதான்" என்பார் என் கணவர். கலைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்தார்கள் என்பதை மட்டும் அவர் சொல்ல மாட்டார்.

நானும் படம் பார்த்து எடுக்கப்பட்டவள்தான். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகள் இருந்த வீடுகளில் எல்லாம் நடந்த கதைதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. எங்கேயாவது அனுப்பிவிட வேண்டும். மெல்பேர்ணில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார், அங்கேயே படித்து அங்கேயே வேலை செய்கிறார் என்று பேச்சு வந்தது. என்னை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். என் இடது கன்னத்தில் மிளகளவில் ஒரு மச்சம் உண்டு. படம் கழுவி வந்தபோது அந்த மச்சத்தைக் காணவில்லை. ஸ்ரூடியோக்காரர் தன் பாட்டில் தூரிகையால் தடவி எடுத்துவிட்டார். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எடுத்ததும் நல்லதுதான், முகம் துலாம்பரமாயிருக்கு" என்றார். அந்தப் படம் மெல்பேர்ணுக்குப் போனது. பிடித்திருக்கிறது என்று பதில் வந்தது.

நான் விமானத்தில் வழி முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. இடது கன்னத்தில் கையை வைத்தபடியே இருந்தேன். படத்தில் இருந்தது வேறு, வந்து இறங்கியது வேறு என்று அந்த மனிதர் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் எங்கே போவேன்? ஊரில் நின்ற நிலைமையில் திரும்பிப் போவது என்பது நினைக்கக்கூடிய காரியமா? விமானநிலையத்தில் அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "பிளேனிலை சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். அவ்வளவுதான். பெரியவர்கள் நாள் பார்த்துக் கல்யாணத்தை நடத்தி வைத்தார்கள். மச்சத்தைப் பற்றி அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கன்னத்தில் கை வைக்கிற பழக்கம் மட்டும் எனக்கு ஒட்டிக்கொண்டது. "கன்னத்திலை கை வைக்காதை பிள்ளை, வீட்டுக்குக் கூடாது" என்று கோயிலில் காணுகிற அன்ரிமார் எல்லாம் சொல்லி அலுத்துப்போனார்கள். படம் எடுக்கும்போதெல்லாம் வலப்பக்கத்தைத்தான் காட்டுவேன்.

அவர் இங்கே பொறியியல் படித்துவிட்டு, தளபாடங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அலுமாரிக்கும் மேசைக்கும் படம் வரைந்துகொண்டிருந்தார். படிக்கிற காலத்தில் அவரோடு ஒரே வீட்டில் இருந்த மலேசியத் தமிழர் ஒருவர் தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பவர். ஒருநாள் இருட்டில் தன் கிட்டாரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உடைந்ததை ஒட்டிக் கொடுக்கத் தொடங்கியதுதான் இவருக்குப் பிடித்த பைத்தியம். பிறகு பின்னேர வகுப்புக்குப் போய் முறையாகவே பழகினார். அந்தத் தேவாலயத்தின் பாட்டுக் குழுதான் எங்கள் முதல் வாடிக்கை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதைச் செய்யுங்கள் என்று சொன்னவள் நான். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒரு கல்யாண வீட்டில் ஓர் அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு ஓடாவி வேலையோ? அதுவும் வீணை எண்டாலும் பரவாயில்லை."

"ஓம் அன்ரி, வீணை எண்டால் நீங்கள் எத்தினை வாங்குவீங்கள்?" என்றேன்.

மரவேலைக்காரன் பெண்சாதிக்கு வாய் கூடிப்போய்விட்டது என்று அன்று சொல்லியிருப்பார். சொல்லட்டும்.

ஒவ்வொரு கிட்டாரும் முடிந்து, நரம்பு பூட்டுவதற்கு முன்னால், அவர் ஒரு வேலை செய்வார். முதுகுப் பக்கத்தில், கீழே இடது மூலையில், சிறிய துளை ஒன்று போடுவார். கருங்காலித் தூளைப் பசையில் குழைத்து அதை அடைப்பார். காய்ந்ததும் தேய்த்துவிட்டால் கறுப்பாக ஒரு புள்ளி. நடுவில் வைக்க மாட்டார், நல்ல வட்டமாகவும் வைக்க மாட்டார். முதல் தடவை கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"உதென்ன, குழந்தைப் பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி?"

"ஓம், அதுதான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது" என்றார்.

இவர் கோயிலுக்குப் போகிறவர் அல்ல. ராகுகாலம், எமகண்டம் ஒன்றும் பார்க்க மாட்டார். வீட்டில் பல்லி சொன்னால் நான்தான் பயப்படுவேன். இந்தப் பொட்டை மட்டும் எங்கேயிருந்து பிடித்தாரோ என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. வாங்க வருகிறவர்களுக்கு நானே கிட்டாரைத் திருப்பிக் காட்டுவேன். எங்கள் ஊரில் அழகான குழந்தைக்கு இப்படி வைப்போம், ஊர்க்கண் படாமல் இருக்க என்று சொல்வேன். அவர்கள் சிரித்துக்கொண்டு பெருவிரலால் அதைத் தடவிப் பார்ப்பார்கள். அதைக் காட்டி விலை குறைக்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு தாண்டிய பிறகுதான் முன்னறையின் போக்கு மாறத் தொடங்கியது. வருவார்கள். சப்பாத்தைக் கழற்றுவார்கள். கதிரையில் இருந்து வாசிப்பார்கள், தேநீர் குடிப்பார்கள், பெருவிரல்கூட மடங்கும். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விடுவார்கள். எனக்கு என் கண்ணிலேயே சந்தேகம் வந்துவிட்டது. பிறகுதான் விளங்கியது. வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தால் உலகத்துக் கிட்டார் எல்லாம் அங்கே கிடக்கின்றன. எங்களிடம் வந்து கைக்கு என்ன பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள், அதே மாதிரியானதை அமெரிக்காவிலிருந்து மலிவாக எடுக்கிறார்கள். ஒருநாள் ஒருவர் பையிலிருந்து அளவுகோலை எடுத்து, எங்கள் கிட்டாரின் கழுத்து எவ்வளவு அகலம் என்று அளந்தார். எதற்கு என்று கேட்டேன். இணையச் சந்தையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம், அதே அகலமா என்று சரிபார்க்கிறாராம். ஒளிவு மறைவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில், குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கையிலிருந்து வாங்கிவிட்டேன். சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமலே போனார்.

நகரத்தில் எங்கள் கிட்டார்களை எடுத்து விற்ற கடைகளில் ஒன்று மூடியது. மற்றது, இனி எல்லாரும் அறிந்த பெயர்கள் மட்டும்தான் என்று சொன்னது. சுவரில் தொங்கியவை அப்படியே தொங்கின. நானும் கிழமைக்கு ஒரு தடவை அவற்றைத் துடைத்தேன்.

"நாங்களும் அங்கை போட்டு விப்பம்" என்றேன் ஒருநாள்.

"முகம் தெரியாதவனுக்கோ? வாசிக்கிறானோ, அலுமாரியிலை வைச்சுப் பூட்டுறானோ, எப்பிடித் தெரியும்?"

"என்னை நீங்கள் முகம் தெரிஞ்சோ எடுத்தனீங்கள்? படம் பார்த்துத்தானே?"

அவர் சிரித்தார். அடுத்த டிசம்பர் நத்தார் வரைக்கும் செய்து பார்ப்போம், சரிவராவிட்டால் பழைய தொழிற்சாலைக்கே திரும்பப் போகிறேன் என்றார். அங்கே விசாரித்தும் வைத்திருந்தார். படம் வரைகிற வேலை எல்லாம் இப்போது கணினி தெரிந்த இளம் ஆட்களிடம். இவருக்குக் கிடைக்கக்கூடியது சாமான் ஏற்றுகிற பகுதி. மரம் இழைத்து இழைத்து அவருடைய வலது தோள் ஏற்கெனவே கெட்டிருந்தது. அந்தத் தோளோடு, அந்த வயதில், அவர் அலுமாரி தூக்குவதா? ஆகவே இது எப்படியாவது சரிவர வேண்டும் என்று நான் இறங்கினேன்.

கொடியில் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, அதன் முன்னால் கிட்டாரை நிறுத்திப் படம் எடுத்தேன். விவரம் எழுத அவரை விட்டேன். அவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஒரு கிட்டார். தாஸ்மேனிய மரம். சத்தம் பரவாயில்லை.

"சத்தம் பரவாயில்லையோ? பரவாயில்லாத சாமானை விசரன்கூட வாங்கமாட்டான்."

"நாங்களே புகழ்ந்தால் நாவூறு பட்டிடும்."

நான் அதை அழித்துவிட்டு, வந்து வாசித்தவர்கள் என்ன சொன்னார்களோ அதை எழுதினேன். பொட்டைப் பற்றியும் எழுதட்டுமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவர் நிமிர்ந்தார்.

"அதை எழுதினால் பிறகு அது பொட்டில்லை. விளம்பரம்."

யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. குழந்தைக்குப் பொட்டு வைத்துவிட்டு, பொட்டு வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று எந்தத் தாய் கூவுகிறாள்? எழுதவில்லை. முதுகுப் பக்கத்துப் படம் நிழலில் விழுந்ததால் அதில் புள்ளியும் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவே இல்லை.

விற்றது. ஹோபார்ட்டுக்கு ஒன்று போனது, பிரிஸ்பேனுக்கு ஒன்று. வாங்கியவர்கள் நட்சத்திரம் போட்டார்கள். அந்தச் சந்தையில் எல்லாம் நட்சத்திரம்தான். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரி, புதிதாக வருகிறவர் முதலில் விற்பவரின் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாமானைப் பார்ப்பார். காலையில் எழுந்ததும் சுவாமி கும்பிட முதல் நான் நட்சத்திரம் பார்த்தேன். இவர் மட்டும் ஒவ்வொரு பெட்டியையும் தபாலில் கொடுக்கும்போது, மேலே ஒரு தட்டுத் தட்டி, "போட்டு வா" என்பார். தபால்காரப் பெண் இந்த மனிதர் பெட்டியோடு என்ன கதைக்கிறார் என்று பார்ப்பாள்.

பிறகு பேர்த்துக்கு ஒன்று போனது. மினுங்குகிற மரம், அலை அலையாக ரேகை ஓடியது. அவர் செய்தவற்றில் எனக்கும் பிடித்தது அதுதான். போய்ச் சேர்ந்த மறுநாளே எழுதினார் வாங்கியவர். முதுகில் ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டிருக்கிறது, திருத்திய வாத்தியத்தைப் புதிது என்று விற்றிருக்கிறீர்கள் என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் கொடுமை. கிட்டாரில் ஓட்டை விழுந்தால் திருத்துகிறவர்கள் கருங்காலித் தூளையும் பசையையும் வைத்துத்தான் அடைப்பார்கள். பொட்டு என்று தெரியாத கண்ணுக்கு அது அப்படித்தான் இருக்கும்.

நான் முழு விவரமும் எழுதினேன். குழந்தை, ஊர்க்கண், எல்லாம். எனக்குக் கதை தேவையில்லை, பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தாருங்கள் என்று பதில் வந்தது. திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தபால் செலவும் தருகிறோம் என்றோம். அனுப்ப மாட்டாராம். பகுதிதான் வேண்டுமாம்.

"பிடிக்காட்டி அனுப்பவேண்டியதுதானே? என்ன மனுசன் இவன்?" என்று நான் கத்தினேன்.

"பிடிச்சிருக்கு. அதுதான் அனுப்பமாட்டான்" என்றார் இவர்.

"அப்ப அவன் கேட்டதைக் குடுத்துத் தொலையுங்கோ. நட்சத்திரம் போயிடும்."

"பொட்டு வைச்சதுக்குத் தண்டம் கட்டச் சொல்லுறீரோ?"

ஒரு சதமும் அனுப்பவில்லை. பேர்த்துக்காரர் சிவப்புக் குறி போட்டார். பழுதை மறைத்து விற்கிறார்கள், நம்பாதீர்கள் என்று எழுதினார். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு என்பது சும்மா சொன்ன பழமொழி இல்லை. விற்பனைக்குப் போட்டிருந்த இரண்டையும் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. சிட்னியிலிருந்து ஒருவர் மாதக்கணக்காக விசாரித்துக்கொண்டிருந்தார். அவரும், வேறு இடத்தில் எடுத்துவிட்டேன் என்று எழுதிவிட்டார். நான் குசினியில் பாத்திரங்களைப் போட்டு அடித்தேன். மறைத்து விற்கிறோமாம். நாங்களாம்.

கராஜுக்குப் போய்ச் சொன்னேன்.

"இனி உந்தப் பொட்டு வேண்டாம். வைக்காட்டி என்ன? ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே, "எனக்குத் தெரியும்" என்றார்.

நத்தார் வந்தது, போனது. சொன்ன சொல் தவறாமல் அவர் தொழிற்சாலைக்குப் போனார். விடிய எழும்பிப் போவார். பின்னேரம் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு இருப்பார். சாப்பாட்டுக் கோப்பையை இடக்கையால் தூக்குவார். நான் தைலம் தேய்த்துவிடுவேன். வேலை எப்படி என்றால், "வேலைதானே" என்பார். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது நான் திருப்பி ஏசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும்.

ஒரு பகல் கராஜைக் கூட்டப் போனேன். பாதியில் விட்டுப்போன கிட்டார் ஒன்று மேசையில் கிடந்தது. அதைத் திருப்பினேன். வழக்கமாகக் கடைசியில் வைக்கிற பொட்டு ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. இன்னும் மெருகு பூசவில்லை, நரம்பு இல்லை, இனி எப்போது முடியும் என்றும் தெரியாது. தொழிற்சாலைக்குப் போக முதல் அதை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு கோபமும் வந்தது, ஆர் மேல் என்று தெரியவில்லை.

முன்னறைக்கு வந்து அந்தக் கைப்பிடி இல்லாத கதிரையில் இருந்தேன். கை கன்னத்துக்குப் போனது. அந்த விமானப் பயணம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் எதற்குப் பயந்தேன்? மச்சத்துக்கா? பிறந்ததிலிருந்து என்னோடு இருந்த மச்சம் அது, பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் எல்லாருக்கும் தெரிந்த மச்சம். அதற்கு நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. படத்தில் அது இல்லை என்பதற்குத்தான் பயந்தேன். அந்த ஸ்ரூடியோக்காரர் சும்மா விட்டிருந்தால் நான் விமானத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த கிட்டாரை எடுத்தேன். கொடியடிக்குக் கொண்டுபோய், முதுகு வெயிலுக்குத் தெரிய நிறுத்தி, பொட்டைக் கிட்டப் போய்ப் படம் எடுத்தேன். அதைத்தான் முதல் படமாக வைத்தேன். கிட்டாரின் முகம் எல்லாம் பிறகு. கீழே எழுதினேன்: என் கணவர் செய்கிற எல்லாவற்றிலும் இது இருக்கும். எங்கள் ஊரில் அழகான குழந்தைக்கு இப்படி வைப்போம். பிடிக்காதவர்கள் வாங்க வேண்டாம்.

அவர் வந்ததும் காட்டினேன். உடுப்பு மாற்றாமல் நின்றபடியே படித்தார்.

"விளம்பரம்" என்றார்.

"விளம்பரம் இல்லை. உள்ளது. உள்ளதைச் சொல்லாமல் அனுப்பினால் போற பிள்ளைதான் வழி முழுக்க நடுங்கிக்கொண்டு போகும். உங்களுக்கென்ன தெரியும்?"

என் குரல் ஏன் அப்படி உடைந்தது என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "சரி, போடும்" என்றுவிட்டுக் குளிக்கப் போனார்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. சிலர் பகிடி பண்ணி எழுதினார்கள். பிறகு சிட்னியிலிருந்து ஒரு பெண் எழுதினார், மருத்துவத் தாதி. தபாலில் வேண்டாம், நானே வருகிறேன் என்றார். காரில் அவ்வளவு தூரமும் ஓடி வந்தார். கதவடியில் சப்பாத்துகளைக் கண்டுவிட்டு, நான் சொல்ல முதலே தன்னுடையதையும் கழற்றினார். வெறுங்கால். கதிரையில் இருந்து முதல் சுரத்தை மீட்டினார். அது அடங்க முதலே பெருவிரல் மடங்கிவிட்டது. எனக்கு எழும்பிப் போய் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. தேநீர் போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கிட்டாரை மடியில் குப்புறப் போட்டு, பொட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் போட்ட நட்சத்திரத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். வெள்ளம் போல ஒன்றும் வரவில்லை. பொட்டைச் சிப்பியில் வைத்துத் தர முடியுமா, கொஞ்சம் பெரிதாக முன்பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. முடியாது என்று நானே எழுதிவிடுவேன், அவரிடம் கேட்பதில்லை. அவர் தொழிற்சாலை நாட்களைக் குறைத்துக்கொண்டு வந்தார். அடுத்த நத்தாருக்கு அங்கே போவதையே விட்டுவிட்டார். தோள் மட்டும் பழையபடி ஆகவில்லை. முன்னறைச் சுவரில் இப்போது ஒன்றிரண்டுதான் தொங்கும், செய்கிறது எல்லாம் கொடியடியில் படம் எடுத்து அனுப்பத்தான்.

பிறகு ஒருநாள் அந்தப் பேர்த் கிட்டாரைச் சந்தையில் கண்டேன். மர ரேகையைக் கண்டதும் தெரிந்துவிட்டது. நாங்கள் விற்றதைவிடக் கூடிய விலை. பேர்த்துக்காரர் முதுகுப் பக்கத்தைத் துலக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார், பொட்டைக் காணவில்லை. சிறு குறை ஒன்று இருந்தது, கைதேர்ந்தவரால் நீக்கப்பட்டுவிட்டது என்று எழுதியிருந்தார். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வேலை சுத்தம். பொட்டை எடுத்தவன் கெட்டிக்காரன்."

"உங்களுக்குக் கோபம் வரேல்லையோ? வாங்குவமோ திருப்பி?"

"வேண்டாம். ஆரும் வாசிக்கிறவன் எடுக்கட்டும்."

ஆனால் அவர் எழும்பவில்லை. பொட்டு இருந்த இடத்தில், திரையின் மேல், விரலை வைத்தார்.

"எயார்போர்ட்டிலை நீர் கன்னத்திலை கையை வைச்சுக்கொண்டு வந்தனீர். பல்லுக்கொதியாக்கும் எண்டு நினைச்சனான்."

இவ்வளவு வருஷத்தில் இந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததே இல்லை.

"பெட்டியைத் தாறதுக்குக் கையை எடுத்தனீர். அப்பதான் கண்டனான். படத்திலை இல்லையே எண்டு யோசிச்சன்."

"என்ன நினைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உம்மட அம்மா விவரமான மனுசி, பொட்டு வைச்சுத்தான் அனுப்பியிருக்கிறா எண்டு நினைச்சனான்."

அப்போதும் என் கை கன்னத்தில்தான் இருந்தது. எடுத்தேன்.